துருவின் கணக்கு: தபால் பெட்டியைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தெற்கே நீளும் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் அஞ்சலக வாசலில் சிவப்புப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றில் பெயின்ட் வெளுத்திருக்கும். இன்னொன்றில் கீல் இறுகியிருக்கும். வேறொன்றில் அடித்தகடு இற்றுப்போய், உள்ளே போட்ட கடிதம் கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. “பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்” என்பது ஒன்று. “பழம்பொருள், கை வைக்காதீர்கள்” என்பது மற்றொன்று. இரண்டு தரப்புமே பெட்டியின் வயதை வைத்துத்தான் பேசுகின்றன.

பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது வயது மட்டும் இல்லை. உலோகம் எது, எவ்வளவு தடிமன், தண்ணீர் எங்கே தங்குகிறது, உள்பக்கம் யாராவது பெயின்ட் அடித்தார்களா என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. முழுப் பெட்டிக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதில்தான் பிழை தொடங்குகிறது. பூட்டுக்கு ஓர் ஆயுள், கீலுக்கு ஓர் ஆயுள், உடலுக்கு ஓர் ஆயுள். பாகம் பாகமாகப் பார்த்தால், இதற்கு விடை சொல்வது நாம் நினைப்பதைவிடச் சுலபம்.

மூன்று வகைப் பெட்டிகள்

சாலையோரத் தபால் பெட்டிக்கு வயது 170 ஆண்டுகளுக்கு மேல். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தவர். அவர் சொன்ன யோசனைப்படி 1852-இல் ஜெர்சி தீவில் தூண் வடிவப் பெட்டிகள் வைக்கப்பட்டன. இந்தியாவில் 1854 அக்டோபரில் அஞ்சல் சேவை நாடு முழுவதற்கும் ஒரே துறையாக அமைந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் குமுளி மலைப்பாதை ஏறினால் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் சேவையே இருந்தது. சங்கு முத்திரை பொறித்த பச்சை நிற வார்ப்பிரும்புப் பெட்டிகள் அதன் அடையாளம். 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

இன்று நாம் காணும் பெட்டிகளைப் பொருளை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கனத்த வார்ப்பிரும்புத் தூண் பெட்டி. இரண்டாவது, சுவரிலோ கம்பத்திலோ தொங்கும் மெல்லிய இரும்புத் தகடுப் பெட்டி. மூன்றாவது, ஃபைபர் அல்லது துருப்பிடிக்காத எஃகால் ஆன புதிய பெட்டி. மூன்றும் சிவப்பாக இருந்தாலும் அவை சிதையும் விதம் வேறு வேறு. முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இது எதனால் ஆனது?

திராட்சைத் தோட்டத்தில் ஒரு வேதியியல் பாடம்

துரு எப்படி உண்டாகிறது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையை மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துச் செய்வார்கள். சுண்ணாம்பு போதுமா என்று அறிய, தீட்டிய கத்தியையோ அரிவாளையோ சற்று நேரம் கலவையில் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு குறைவு. இன்னும் சேர்க்க வேண்டும். கலவையை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அங்கே என்ன நடக்கிறது? இரும்பு அணு தன் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது. கரைசலில் இருக்கும் செம்பு அயனி அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு உலோகச் செம்பாக இரும்பின் மேல் படிகிறது. தபால் பெட்டியிலும் இரும்பு இதேபோல் எலெக்ட்ரான்களை இழக்கிறது. வாங்கிக்கொள்வது மட்டும் செம்புக்குப் பதிலாக, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். இழந்த இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளிப்பதும், கீல் இறுகுவதும், கதவு மூட மறுப்பதும் இந்த வீக்கத்தால்தான்.

இதற்கு மழை பெய்தாக வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின் மேல் உருவாகத் தொடங்கும். தூசியும் உப்பும் படிந்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் நிகழும். திறந்த வெளியில் நிற்கும் பெட்டி இரவில் வானை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது பனி அதன் மேல் மட்டுமல்ல, உள்ளேயும் படியும்.

ஒரே மாவட்டம், வேறு வேறு வானிலை

தேனி நகரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி காற்று வறண்டே வீசும். தெற்கே கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் போனால் தென்மேற்குப் பருவத்தில் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருக்கும். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் மூடுபனி பல மணி நேரம் விலகாது. ஒரே நாளில் ஒரே பெயின்ட் அடித்த இரண்டு பெட்டிகளில் ஒன்று தேனியில் பளிச்சென்று இருக்க, மற்றொன்று மலையில் இற்றுப்போகலாம்.

காற்று எவ்வளவு வேகமாக இரும்பைத் தின்கிறது என்பதை ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை வகை பிரித்திருக்கிறது. மாசு குறைந்த உள்நாட்டுப் பகுதிகள் பெரும்பாலும் சி2 வகையில் வரும். அங்கே பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் 1.3 முதல் 25 மைக்ரான் வரை இழக்கும். சி3-இல் இது 25 முதல் 50 மைக்ரான். சி4-இல் 50 முதல் 80. உப்புக்காற்று வீசும் கடற்கரையின் சி5-இல் 80 முதல் 200. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவின் பல பகுதிகளில் உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் வைத்து அரிப்பை அளந்திருக்கிறது. மண்டபம் கடற்கரை அதன் புகழ்பெற்ற சோதனைக்களங்களில் ஒன்று.

இந்த எண்களை ஒரு பெட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 18 கேஜ் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், அதாவது 1,200 மைக்ரான். பெயின்ட் முழுக்கப் போய்விட்டது, இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 25 மைக்ரான் வீதம் அரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 ஆண்டுகளில் தகடு முழுதும் கரையும். ஓட்டை அதற்கு வெகு முன்னதாகவே விழுந்துவிடும். அதே தகடு பக்கத்துக்கு 80 மைக்ரான் இழக்கும் இடத்தில் இருந்தால் ஏழரை ஆண்டுதான். 10 மில்லிமீட்டர் சுவர் கொண்ட வார்ப்பிரும்புக்கு இதே கணக்கைப் போட்டால் முதல் வேகத்தில் 200 ஆண்டு வருகிறது. துருப்படலம் கெட்டியான பிறகு அரிப்பு பொதுவாக மந்தமாகும் என்பதையும் சேர்த்தால் ஆயுள் இன்னும் கூடும். தகடுப் பெட்டிக்கும் தூண் பெட்டிக்கும் ஒரே விதியை எழுத முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வார்ப்பிரும்பின் குணம்

வார்ப்பிரும்பில் 3 முதல் 4 விழுக்காடு வரை கார்பன் இருக்கிறது. சாம்பல் நிற வார்ப்பிரும்பில் அந்தக் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாக உலோகம் முழுவதும் பரவிக் கிடக்கும். மணல் அச்சில் வார்க்கும்போது மேற்பரப்பில் சிலிக்கா கலந்த ஒரு தோலும் உருவாகும். அது துருவை ஓரளவு தடுக்கும். அதனால் பழைய தூண் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தோலைச் சாணை பிடித்துத் தேய்த்துவிடக் கூடாது.

அதே கிராஃபைட் செதில்கள்தான் வார்ப்பிரும்பின் பலவீனமும். இழுவிசையும் இடியும் தாங்காது. லாரி பின்னால் வந்து மோதினால் தகடு நெளியும். வார்ப்பிரும்பு விரிசல் விடும். விரிசலைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால், ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் ஓடும். முழுப் பாகத்தையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கலந்த ராடு கொண்டு பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அல்லது சூடே இல்லாமல் உலோகத் தையல் முறையில் விரிசலின் குறுக்கே பூட்டுத் துண்டுகளைப் பதிக்கலாம். வழக்கமான வெல்டிங் கடையில் கொடுத்துக் கெடுப்பதைவிட விரிசலை அப்படியே விட்டுவைப்பது மேல்.

கதவு உடைந்து காணாமலே போயிருந்தால் கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு விழுக்காடு சுருங்கும். வேறொரு பெட்டியின் 400 மில்லிமீட்டர் கதவையே அச்சாக வைத்து வார்த்தால் கிடைக்கும் கதவு 4 மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும். அந்த இடைவெளியில் மழை புகும். சுருக்கத்துக்கு ஏற்றபடி அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வது அச்சுக்காரரின் கைவேலை. சரியாகச் செய்தால் ஒரு கதவுக்காக முழுப் பெட்டியைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப வேண்டியிருக்காது.

தண்ணீர் தங்கும் இடங்கள்

தபால் பெட்டி பெரும்பாலும் உள்ளிருந்தே சாகிறது. வெளிப்பக்கம் அவ்வப்போது சிவப்புப் பெயின்ட் வாங்கும். உள்பக்கம் யார் கண்ணிலும் படாது. கடிதம் போடும் வாய் வழியாக வரும் சாரலும், இரவில் உள்ளே படியும் பனியும் அடித்தகட்டின் மூட்டில் போய்த் தேங்கும். அந்தக் குறுகிய இடுக்கில் காற்றோட்டம் இல்லாததால் ஈரம் நாள் கணக்கில் உலராது. அடித்தகடு முதலில் இற்றுப்போவது இதனால்தான்.

இன்னோர் இடம் தரைமட்டம். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தும்போது பெட்டியின் கால் மண்ணுக்குள் போய்விடும். மண்ணுக்கு மேலிருக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் தாராளம். கீழிருக்கும் இரும்புக்குக் குறைவு. இந்த வித்தியாசமே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கி, ஆக்சிஜன் குறைந்த புதைந்த பகுதியைக் கரைக்கும். மேலே பார்த்தால் பெட்டி உறுதியாகத் தெரியும்; ஒரு பலத்த காற்றில் கால் முறியும்.

எனவே செப்பனிடும் வேலையில் பெயின்டைவிட முக்கியமானவை நான்கு: வாய்க்கு மேல் மழைத்தடுப்புக் கூரை, அடியில் வலை பதித்த சிறு வடிகால் துளை, உட்புறப் பூச்சு, தரையிலிருந்து உயர்த்திய சிமென்ட் மேடை. வலை இருந்தால் பூச்சிகளும் வராது. பிரிட்டனில் நத்தைகள் உள்ளே புகுந்து கடிதங்களைத் தின்பதால், சில பெட்டிகளின் வாயில் நத்தைத் தடுப்பையே பொருத்துகிறார்கள்.

தட்டிப் பார்த்து முடிவெடுப்பது

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சிறு காந்தத்தைப் பெட்டியின் மேல் நகர்த்தினால், ஓட்டையைப் பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாது. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மழுங்கிய ஓசை தரும். அடிமூட்டில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் இற்றுப்போன தகடு உள்வாங்கும். துல்லியம் வேண்டுமானால் மீயொலித் தடிமன் அளவி இருக்கிறது. கொதிகலன்களையும் குழாய்களையும் சோதிப்பவர்களிடம் அது கிடைக்கும்.

சோதனை முடிந்ததும் விடை தானாகவே பிரியும். வார்ப்பிரும்பு உடல் நன்றாக இருந்து பூட்டும் கீலும் கெட்டிருந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். தகடுப் பெட்டியில் அடித்தகடு மட்டும் போயிருந்தால் அதை வெட்டியெடுத்துப் புதிது பற்றவைக்கலாம். பக்கச் சுவர்களும் பாதிக்குமேல் மெலிந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு விடைகொடுப்பதே நேர்மை. புதிதாகத் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி வைத்தாலும் அதைச் சாதாரண இரும்புத் திருகுகளால் முடுக்கக் கூடாது. ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் பெரிய எஃகுப் பரப்பு சிறிய இரும்புத் திருகை வேகமாகத் தின்றுவிடும். ஃபைபர் பெட்டிக்குத் துரு பயம் கிடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் அதன் பிசினைச் சிதைத்து மேற்பரப்பை மாவாக உதிர்க்கும்.

பெயின்டுக்கு அடியில் இருப்பது

பழைய பெட்டியில் பல அடுக்குப் பெயின்ட் இருக்கும். முற்காலத்தில் இரும்புக்கு ஈயச் செந்தூரம் கலந்த பிரைமர் அடிப்பது வழக்கம். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு நிறமிகளிலும் ஈயம் இருந்தது. வீட்டு, அலங்காரப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை இந்தியா 2016-இல்தான் அறிவித்தது. எனவே பழைய அடுக்குகளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும் நெருப்பு வைத்து எரிப்பதும் ஆபத்து. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையை ஈயம் அதிகம் பாதிக்கும். நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் போட்டு, விழும் கசடை முழுக்கச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும்.

துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பது காசைத் தண்ணீரில் போடுவது. செதில் துரு முழுக்கப் போகும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பசையும் உப்பும் போகத் துடைத்து, உலர்ந்த அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். கடையில் ‘ரெட் ஆக்சைடு’ என்று கேட்டு வாங்கும் பிரைமரின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான்; அது ஈரத்தைத் தடுக்கும் திரையாக வேலை செய்கிறது. துருவை வேதியியல் முறையில் அடக்குவது அதோடு சேர்க்கும் துத்தநாகச் சேர்மம். துத்தநாகக் குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால், துத்தநாக பாஸ்பேட் உள்ளதைத் தேர்வது நல்லது.

ஆண்டுக்கு எவ்வளவு?

விலையை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஆண்டுச் செலவைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். செப்பனிட 3,000 ரூபாய் ஆகி அது ஆறு ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 500. புதுத் தகடுப் பெட்டி 8,000 ரூபாய்க்கு வந்து 12 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 667. செப்பனிடுவதே லாபம். ஆனால் அதே 3,000 ரூபாய் வேலையைத் துருவை எடுக்காமல் அரைகுறையாகச் செய்து மூன்றே ஆண்டில் மீண்டும் கொப்புளித்தால் ஆண்டுச் செலவு 1,000 ஆகிவிடும். அப்போது புதியதே மலிவு. செப்பனிடுதல் லாபமா நட்டமா என்பதை அந்தக் கம்பி பிரஷ் தேய்க்கும் நேரமே தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதில்லை. பள்ளத்தாக்கின் வயல்களுக்கு 1895 முதல் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையால் கட்டப்பட்டது. அதன் உறுதி பற்றிய கவலை எழுந்தபோது 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு மத்திய நீர் ஆணையத்தின் பரிந்துரைப்படி மேலே கான்கிரீட் தொப்பி, உடலை அடித்தளத்தோடு பிணைக்கும் எஃகு வடங்கள், பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் என்று எந்தப் பலவீனத்துக்கு எது மருந்தோ அதைத் தனித்தனியே செய்தார்கள். 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் சொன்னது. புதிய அணை வேண்டும் என்ற கேரளத்தின் கோரிக்கையும் தொடர்கிறது. இன்னொரு பக்கம் பாம்பன். 1914-இல் திறந்த ரயில் பாலம் 1964 புயலில் சிதைந்தும் செப்பனிடப்பட்டு, நூற்றாண்டைக் கடந்து உழைத்தது. உப்புக்காற்று அதன் தூக்குப் பகுதியை மீளாத அளவுக்கு அரித்ததால் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன; 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. செப்பனிடுதலும் மாற்றுதலும் எதிரெதிர்க் கொள்கைகள் இல்லை. அளந்து பார்த்தபின் வரும் இரண்டு விடைகள்.

பெட்டியைத் திறப்பவர்

உலோகம் பற்றிய கணக்கு முடிந்தபின் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: இந்தப் பெட்டி இந்த இடத்தில் தேவையா? டென்மார்க்கின் போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டோடு கடிதப் பட்டுவாடாவை முடித்துக்கொண்டு, நாடு முழுதும் இருந்த சுமார் 1,500 சிவப்புப் பெட்டிகளைக் கழற்றியது. பிரிட்டனிலோ 98 விழுக்காடு முகவரிகளுக்கு அரை மைலுக்குள் ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்தது. அது அஞ்சலகக் கவுன்ட்டரில் கொடுக்கும் சேவை. தெருப்பெட்டியில் போடும் 50 காசு அஞ்சலட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலையடிவாரத்துக் குக்கிராமத்தில் செல்பேசி எடுக்காத இடத்தில் இருப்பவருக்கும், விண்ணப்பத்தைக் கையெழுத்தில் எழுதி அனுப்பும் முதியவருக்கும் அந்தப் பெட்டி இன்றும் வழிதான்.

எது எவ்வளவு பயன்படுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஒட்டிய பார்கோடைத் தபால்காரர் ஸ்கேன் செய்து எடுப்பைப் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. மழைக்காலம், பண்டிகைக் காலம், தேர்வு விண்ணப்பக் காலம் மூன்றையும் உள்ளடக்கி ஓராண்டு எண்ணிப் பார்த்தால் எந்தப் பெட்டி இருக்க வேண்டும், எது நூறு மீட்டர் தள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியும். இடம் மாற்றும்போது கடிதம் போடும் வாய் சக்கர நாற்காலியில் வருபவரின் கைக்கும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுப்பு நேரத் தகடு படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும். தினமும் திறக்கப்படாத பெட்டிக்கு எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அது ஏமாற்று.

பெட்டி அஞ்சல் துறையின் சொத்து. நாமே பெயின்ட் டப்பாவோடு கிளம்பிவிட முடியாது. ஆனால் ஊராட்சி மன்றமும், பள்ளி அறிவியல் மன்றமும், குடியிருப்போர் சங்கமும் காந்தத்தையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு அஞ்சலக ஊழியரின் அனுமதியோடு தங்கள் ஊர்ப் பெட்டிகளைப் பார்க்கலாம். பூட்டு, கீல், கதவு, வாய், சுவர், அடித்தகடு, கால் என்று ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நிரப்பி, புகைப்படத்தோடு தேனி அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். “பெட்டி பழுதாகிவிட்டது” என்று பொதுவாக எழுதும் புகாரைவிட “அடித்தகடு மட்டும் இற்றுள்ளது, சுவர் நன்றாக உள்ளது, வடிகால் துளை இல்லை” என்று எழுதும் தாளுக்குச் செலவு மதிப்பீடு போடுவது எளிது. வேலை நடக்கும் வாய்ப்பும் அதிகம். பொதுச் சொத்தைக் காப்பது பெரிய திட்டங்களால் மட்டும் நடப்பதில்லை. எந்தப் பாகம் எதனால் கெட்டது என்று தெரிந்து, அந்தப் பாகத்தைச் சரியான நேரத்தில் கேட்டு வாங்கும் குடிமக்களால் நடக்கிறது.